கழுத்தில் மட்டும் ஏன் இந்தக் குருக்கள்?

கேள்வி: வயது 29. வேலை காரணமாகத் தினமும் ஷேவ் செய்தாக வேண்டும். ஐந்து பிளேடு கார்ட்ரிட்ஜ் ரேசர் வைத்திருக்கிறேன். ஒரு கார்ட்ரிட்ஜை ஒன்றரை மாதம் ஓட்டுவேன். குளிப்பதற்கு முன் குளியல் சோப்பைத் தடவி, முதலில் மேலிருந்து கீழாகவும், பிறகு தோலை இழுத்துப் பிடித்துக் கீழிருந்து மேலாகவும் மழிப்பேன். கன்னத்தில் ஒரு தொந்தரவும் இல்லை. கழுத்திலும் தாடைக்கு அடியிலும் மட்டும் மறுநாளே சிவப்பாகக் குருக்கள், அரிப்பு, ஆறினால் கரும்புள்ளி. முடி கொஞ்சம் சுருள். பழைய மாதிரி ஒற்றை பிளேடு ரேசருக்கு மாறு என்கிறார் நண்பர். எலெக்ட்ரிக் ஷேவர் வாங்கு என்கிறார் அண்ணன். எதை வாங்கட்டும் டாக்டர்? அடிக்கடி ஷேவ் செய்து முடி தடித்துப்போனதால்தான் இப்படி ஆகிறதா?

தோல் மருத்துவரின் பதில்:

கடைசிக் கேள்வியை முதலில் முடித்துவிடுவோம். ஷேவ் செய்வதால் முடி தடிக்காது, வேகமாகவும் வளராது. முடியை உருவாக்கும் வேர் தோலுக்கு அடியில் இருக்கிறது. பிளேடு அங்கே போவதே இல்லை. மில்ட்ரெட் டிராட்டர் என்ற உடற்கூறியல் அறிஞர் 1928இலேயே ஆண்களின் தாடியை மழித்து அளந்து பார்த்து இதை எழுதிவிட்டார். தானாக வளர்ந்த முடியின் நுனி ஊசிபோல் மெலிந்து முடியும். வெட்டிய முடிக்கு அந்த நுனி கிடையாது. தண்டின் முழுக் கனமும் அப்படியே வெளியே வருவதால் கைக்குச் சொரசொரவென்று படுகிறது. அவ்வளவுதான்.

ஆனால் அந்த வெட்டுமுனையை மறந்துவிடாதீர்கள். உங்கள் கழுத்துத் தொந்தரவுக்கு அதுவே காரணம்.

நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் இது முகப்பருவும் இல்லை, சோப்பு ஒவ்வாமையும் இல்லை. ஒவ்வாமை என்றால் சோப்பு பட்ட கன்னமும் சிவந்திருக்க வேண்டும். இது உள்வளர் முடி. மருத்துவத்தில் சூடோஃபாலிகுலைட்டிஸ் பார்பே என்று நீளமாக ஒரு பெயர் உண்டு. இது இரண்டு விதமாக வரும். வெட்டப்பட்ட சுருள் முடி வெளியே வந்து, வளைந்து, பக்கத்துத் தோலைக் குத்தி உள்ளே இறங்குவது ஒன்று. தோல் மட்டத்துக்கும் கீழே வெட்டுப்பட்ட முடி வெளியே வராமலே மயிர்க்காலின் சுவரைத் துளைத்துக்கொண்டு பக்கவாட்டில் போவது மற்றொன்று. இரண்டிலும் உடம்பு அந்த முடியை முள் தைத்ததுபோலத்தான் நடத்தும்: சிவக்கும், வீங்கும், அரிக்கும். மறுநாள் அந்த மேட்டின் மீதே ரேசர் ஏறி உச்சியைச் சீவிவிடுகிறது. அந்த அழற்சி ஆறும்போது கரும்புள்ளி மிஞ்சுகிறது.

இனி உங்கள் வழக்கத்தைப் பாருங்கள். பல பிளேடு ரேசரில் முதல் பிளேடு முடியைப் பற்றிச் சற்று வெளியே இழுத்தபடி வெட்டும். அது உள்ளே திரும்புவதற்குள் அடுத்த பிளேடு இன்னும் கீழே வெட்டும். பிறகு அடிக்கட்டை தோலுக்குள் இறங்கி மறைந்துவிடும். மழமழப்பு என்று விளம்பரம் பெருமையோடு காட்டுவது இதைத்தான். நேரான முடிக்காரருக்கு இதனால் பெரும்பாலும் கெடுதல் இல்லை. உங்களுக்கோ முடி சுருள். அதற்கு மேல் தோலை இழுத்துப் பிடிக்கிறீர்கள், எதிர் ஷேவ் செய்கிறீர்கள், மழுங்கிய பிளேடு என்பதால் அழுத்தவும் செய்கிறீர்கள். முடியைத் தோலுக்குக் கீழே வெட்ட என்னென்ன வழி உண்டோ அத்தனையும் சேர்ந்துவிட்டது. தினமும் ஷேவ் செய்வது குற்றமில்லை. ஒட்ட ஒட்ட மழிப்பதுதான் சிக்கல். கழுத்தில் அரை மில்லிமீட்டர் முடி மிஞ்சினால் யாருக்கும் தெரியப்போவதில்லை. குரு வராமலிருக்க அந்த அரை மில்லிமீட்டர் போதும்.

ஆகவே எந்த ரேசரும் வாங்குவதற்கு முன் கழுத்தை ஆறவிடுங்கள். மூன்று, நான்கு வாரம் அந்தப் பகுதியில் பிளேடு படக் கூடாது. வேலைக்குத் தாடியோடு போக முடியாது என்பதால் டிரிம்மர் வைத்துக்கொள்ளுங்கள். சீப்பு மாட்டாமல் ஓட்டினால் பெரும்பாலான டிரிம்மர்கள் அரை முதல் ஒரு மில்லிமீட்டர் வரை விட்டுவைக்கும். தோலோடு அழுத்தாமல் மேலாக ஓட்டுங்கள். கன்னத்தில் வழக்கம்போல் ரேசர் போடலாம். அங்கே பிரச்சினை இல்லையே. சிக்கிய முடிகளில் பல இந்த இடைவெளியில் வளர்ந்து, வில்போல் விறைத்து, தானாகவே வெளியே வந்துவிடும். வளையம்போல் தோலுக்கு வெளியே தெரியும் முடியை, ஸ்பிரிட்டில் துடைத்த ஊசியின் நுனியால் மெல்லத் தூக்கிவிடலாம். தூக்கிவிடுவதோடு நிறுத்துங்கள். பிடுங்கினால் முடி உள்ளேயே அறுந்து, அடுத்த முறை வரும்போது இன்னும் ஆழத்தில் சிக்கும். வெளியே தெரியாத முடியைத் தேடித் தோண்டவே வேண்டாம்.

இந்த வாரங்களிலேயே இன்னொரு வேலையையும் முடித்துவிடுங்கள். முடி இரண்டு நாள் வளர்ச்சியில் இருக்கும்போது விரல் நுனியால் கழுத்தை நான்கு திசையிலும் தடவிப் பாருங்கள். வழுக்கிக்கொண்டு போகிற திசைதான் முடி படிந்திருக்கும் திசை. தடுக்குகிற திசை எதிர்த்திசை. விரலுக்குப் பிடிபடவில்லை என்றால் பஞ்சை வைத்துத் தடவுங்கள். எதிர்த்திசையில் இழை மாட்டும். ஷேவ் என்றால் மேலிருந்து கீழ் என்றுதான் பெரும்பாலானோர் பழகியிருக்கிறோம். கன்னத்துக்கு அது சரி. கழுத்திலோ பலருக்கு முடி கீழிருந்து மேலாக, அல்லது பக்கவாட்டில் காதை நோக்கிப் படிந்திருக்கும். குரல்வளை மேட்டுக்கு இருபுறமும் சிலருக்குச் சுழியே இருக்கும். இடப்பக்கமும் வலப்பக்கமும் ஒன்றுபோல் இருக்கும் என்பதும் நிச்சயமில்லை. முடி படிந்த வாக்கில் போவதாக நினைத்து இத்தனை நாள் எதிராகவே மழித்துக்கொண்டிருந்திருக்கலாம். ஒரு தாளில் தாடையையும் கழுத்தையும் கோடாக வரைந்து அம்புக்குறி போட்டுக் கண்ணாடி அருகில் ஒட்டிவையுங்கள். பார்க்கச் சிறுபிள்ளை விளையாட்டுபோல இருக்கும். புது ரேசர் செய்யாததை இந்தத் தாள் செய்யும்.

அடுத்தது குளிப்பதற்கு முன்னா பின்னா என்பது. பின்புதான். காய்ந்த தாடி முடி முரட்டுக் கம்பி மாதிரி. தண்ணீரில் இரண்டு மூன்று நிமிடம் ஊறினால் உப்பி, இளகி, வெட்டத் தேவைப்படும் விசை வெகுவாகக் குறைந்துவிடும். வெந்நீர் கட்டாயமில்லை, வெதுவெதுப்பான நீர் போதும். குளியல் சோப்பை இதற்கு விட்டுவிடுங்கள். அதன் நுரை முகத்தில் சீக்கிரம் காய்ந்துவிடும், வழுவழுப்பும் போதாது. ஷேவிங் க்ரீம் சுண்டு விரல் நகத்தளவு எடுத்து, ஈரமான பிரஷ்ஷால் வட்டமாக ஒரு நிமிடம் தேயுங்கள். பிரஷ் முடியைத் தூக்கி நிறுத்தி, அடிவரை ஈரத்தைச் சேர்க்கும். பிரஷ் இல்லையென்றால் ஜெல்லைக் கையாலேயே தேய்க்கலாம். டப்பாவிலிருந்து புஸ்ஸென்று வரும் நுரை மலைபோல் குவிந்தாலும் அதில் பாதிக்கு மேல் காற்றுதான். நுரை எவ்வளவு உயரம் என்று பார்க்காதீர்கள், எவ்வளவு ஈரம் என்று பாருங்கள். காய்ந்து பஞ்சுபோல் நின்றால் இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டு மறுபடி தேய்க்க வேண்டும்.

மழிக்கத் தொடங்கும்போது கன்னம் முதலில், கழுத்து அடுத்து, மீசைப் பகுதியும் மோவாயும் கடைசியில். அங்கேதான் முடி மிகத் தடிப்பு. அதிக நேரம் ஊறட்டும். ஒவ்வொரு இழுப்பும் இரண்டு மூன்று சென்டிமீட்டருக்கு மேல் வேண்டாம். இரண்டு இழுப்புக்கு ஒருமுறை ரேசரை ஓடும் நீரில் அலசுங்கள். ஐந்து பிளேடு நெருக்கமாக அடுக்கிய தலையில் முடியும் நுரையும் சீக்கிரம் அடைத்துக்கொள்ளும். அடைத்தால் வெட்டாது, வெட்டாவிட்டால் கை தானாக அழுத்தும். கழுத்தில் முடி படிந்த வாக்கில் ஒரே ஒரு சுற்று. விட்டுப்போன இடத்துக்கு நுரை தடவித்தான் திரும்பப் போக வேண்டும். நுரை இல்லாத தோலில் 'சும்மா ஒரு இழுப்பு' என்பதில்தான் எரிச்சல் தொடங்கும். தோலை மற்ற கையால் இழுக்காதீர்கள். கழுத்துச் சுருக்கம் விரிய வேண்டுமென்றால் தலையைச் சற்றே நிமிர்த்தினால் போதும். கன்னத்தில் ஆசைக்கு இரண்டாம் சுற்று போகலாம், அதுவும் குறுக்காக. கழுத்தில் எதிர் ஷேவ் என்ற பேச்சே வேண்டாம்.

இப்போது நண்பருக்கும் அண்ணனுக்கும் நடுவே வருவோம். உங்களைப் பொறுத்தவரை நண்பர் சொல்வதில் நியாயம் கூடுதல், ஒரு நிபந்தனையோடு.

1903இல் ஜில்லெட் தன் பாதுகாப்பு ரேசரை விற்கத் தொடங்கியபோது தோலைத் தொட்டது ஒரு நேரத்தில் ஒரே ஒரு முனைதான். 1971இல் அதே நிறுவனம் இரண்டு பிளேடைக் கொண்டுவந்தது, 1998இல் மூன்று, 2006இல் ஐந்து. பிளேடு கூடக் கூட வேகமும் மழமழப்பும் கூடின என்பது உண்மை. ஆனால் ஐந்து பிளேடு என்றால் ஒரு இழுப்பில் ஐந்து முறை தோலைச் சுரண்டுகிறோம் என்றும் பொருள். ஒற்றை பிளேடு முடியை இழுத்துப் பிடித்து இரண்டாவது முறை வெட்டுவதில்லை. தோல் மட்டத்தோடு நிறுத்திக்கொள்ளும். சுருள் முடிக்காரருக்கு அது இதம்.

நிபந்தனை என்னவென்றால், இந்த ரேசரில் கோணத்தையும் அழுத்தத்தையும் உங்கள் கைதான் பார்த்துக்கொள்ள வேண்டும். கார்ட்ரிட்ஜின் தலை தானே வளைந்து கொடுக்கும், இது கொடுக்காது. ரேசரின் மேல்மூடி கன்னத்தில் படும்படி, கைப்பிடி தரைக்கு இணையாக நீட்டிக்கொண்டிருக்குமாறு வையுங்கள். பிறகு கைப்பிடியை மெல்ல மெல்லக் கீழே சாயுங்கள். எந்த இடத்தில் பிளேடு முடியைத் தொட்டு மெல்லிய சரசரப்புக் கேட்கிறதோ அங்கே நிறுத்துங்கள். தோலுக்கும் பிளேடுக்கும் இடையே ஏறக்குறைய 30 டிகிரி இருக்கும். அதற்கு மேல் அழுத்தம் தேவையில்லை. உலோக ரேசரின் சொந்த எடையே வெட்டிவிடும். கைப்பிடியை உள்ளங்கையில் இறுகப் பிடிக்காமல் மூன்று விரலால் தாங்கினால் அழுத்தம் தானாகக் குறையும். பக்கவாட்டில் ஒரு மயிரிழை நகர்ந்தாலும் வெட்டு விழும். புதிதாகப் பழகுகிறவர்களின் வெட்டுகளில் பெரும்பாலானவை இப்படி வருபவையே.

வாங்கும்போது பார்க்க வேண்டியது பிளேடு எவ்வளவு வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது, பிளேடுக்கும் கீழ்த்தகட்டுக்கும் இடைவெளி எவ்வளவு என்ற இரண்டையும். இரண்டும் குறைவாக உள்ள சாதுவான ரேசர்தான் உங்களுக்கு. கீழ்த்தகடு சீப்புப் பல்போல் திறந்திருக்கும் வகை நீண்ட தாடியை மழிப்பவர்களுக்கு. நீங்கள் மூடிய விளிம்பு வகையை எடுங்கள். மூன்று துண்டாகக் கழல்வதா, கைப்பிடியைத் திருகினால் கதவுபோல் விரிவதா என்பது வசதியைப் பொறுத்தது. கழல்வதைச் சுத்தம் செய்வது சுலபம். பிளேடு மாட்டும்போது கூரில்லாத இரண்டு குட்டை ஓரங்களை மட்டும் பிடியுங்கள். திருகி முடித்ததும் எதிரே பிடித்துப் பார்த்தால் இருபுறமும் பிளேடு ஒரே அளவு தெரிய வேண்டும். ஒருபக்கம் கூடுதலாக நீட்டியிருந்தால் தளர்த்தி, தலையை அழுத்திப் பிடித்தபடி மறுபடி இறுக்குங்கள். அது தெரியாமல் மழித்துவிட்டு ரேசரைத் திட்டுபவர்கள் ஏராளம்.

பிளேடுகளில் ஒரே பிராண்டை மொத்தமாக வாங்கிவிடாதீர்கள். கூர்மையும் மேல்பூச்சும் பிராண்டுக்கு பிராண்டு வேறுபடும். ஒருவர் முகத்தில் வெண்ணெயாக வழுக்குவது இன்னொருவர் முகத்தில் பிடித்து இழுக்கும். நான்கைந்து வகையில் சின்னப் பொட்டலம் வாங்கி, ஒவ்வொன்றையும் மூன்று நாள் போட்டுப் பாருங்கள். முதல் இரண்டு வாரம் விடுமுறை நாளிலோ நேரம் கையில் உள்ள வேளையிலோ கன்னத்தில் மட்டும் பழகுங்கள். கழுத்துக்குப் பிறகு போகலாம். பயணம் அதிகம் உள்ளவர் என்றால் ஒன்று: விமானத்தில் இந்தத் தனி பிளேடுகளைக் கைப்பையில் கொண்டுபோகப் பொதுவாக விடமாட்டார்கள்.

காலையில் இவ்வளவு நிதானத்துக்கு நேரமில்லை என்றால் இரண்டு பிளேடு ரேசர் எடுங்கள். எளிய, மலிவான அதுவே ஐந்து பிளேடைவிட உங்கள் கழுத்துக்கு நல்லது.

அண்ணன் சொல்லும் எலெக்ட்ரிக் ஷேவரும் தள்ளுபடி இல்லை. சல்லடைத் தகடு வைத்தது, வட்டத் தலைகள் சுழல்வது என இரண்டு வகை. இரண்டிலும் பிளேடு தோலை நேராகத் தொடுவதில்லை. தகட்டின் கனம் அளவுக்காவது முடி மிஞ்சும். அதனால் குருவும் குறையும். ஆனால் ஒட்டவில்லையே என்று தகட்டை அழுத்தித் தோலைப் பிதுக்கினால் பழைய கதைதான். தினமும் மழிப்பவருக்குச் சல்லடை வகை நன்றாக வரும். இரண்டு மூன்று நாள் விட்டு மழிப்பவருக்கும், முடி கண்டபடி திசைமாறிப் படிந்திருப்பவருக்கும் வட்டத் தலை பிடிக்கும். ஈரத்திலும் பயன்படுத்தலாம் என்று குறிப்பிடாத ஷேவரை முகம் கழுவுவதற்கு முன், உலர்ந்த தோலில் ஓட்டுங்கள். கழுவிய பின் ஈரம் மிச்சமிருந்தால் தகடு தோலில் ஒட்டி இழுக்கும். தோல் பழக இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். மூன்றாம் நாளே பிடிக்கவில்லை என்று அலமாரியில் போடுகிறவர்கள் இதை அறிவதில்லை. ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்களுக்கும், சிறு காயமும் ஆறத் தாமதமாகும் சர்க்கரை நோயாளிகளுக்கும் நான் முதலில் சொல்வது இந்த ஷேவரைத்தான். உங்களுக்கு அந்தக் கட்டாயம் இல்லை.

எந்த ரேசரானாலும் ஒன்றரை மாதக் கணக்கை விட்டுவிடுங்கள். எஃகைவிட ஏறத்தாழ 50 மடங்கு மென்மையான முடி எஃகை எப்படி மழுக்குகிறது என்பதை அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் மின்னணு நுண்ணோக்கியில் பார்த்து 2020இல் வெளியிட்டார்கள். பிளேடின் முனை சீராகத் தேய்வதில்லை. முடி சாய்வாக மோதும்போது, எஃகில் பலவீனமான இடங்களில் பொடிப்பொடியாகச் சில்லு பெயர்கிறது. அதாவது பழைய பிளேடு நுண்ணிய அளவில் ரம்பம்போல் ஆகிவிடுகிறது. தினமும் மழிப்பவர் கார்ட்ரிட்ஜை ஐந்து முதல் ஏழு முறை, தனி பிளேடை மூன்று முதல் ஐந்து முறை பயன்படுத்தலாம். இழுக்கிற உணர்வு வந்த அன்றே, கணக்கு முடியாவிட்டாலும் மாற்றுங்கள். முனையைத் துண்டால் துடைக்கக் கூடாது. மெல்லிய பூச்சு போய்விடும். அலசி, உதறி, ஈரம் தேங்காத இடத்தில் நிறுத்தி வையுங்கள். வீட்டில் யாரோடும் ரேசரைப் பகிராதீர்கள். கண்ணுக்குத் தெரியாத ரத்தத் துளி மூலம் ஹெபடைட்டிஸ் பி பரவலாம். அந்த வைரஸ் உடம்புக்கு வெளியே குறைந்தது 7 நாளாவது தாக்குப்பிடிக்கும்.

முடித்ததும் குளிர்ந்த நீரில் கழுவி, தேய்க்காமல் ஒற்றியெடுங்கள். படிகாரக் கட்டியை நனைத்து ஒருமுறை தடவி, அரை நிமிடம் விட்டுக் கழுவலாம். சின்னக் கீறலில் ரத்தத்தை நிறுத்தும். எங்கே எரிகிறதோ அங்கே அழுத்தியிருக்கிறீர்கள் என்று காட்டிக்கொடுத்தும் விடும். ஆல்கஹால் கலந்த வாசனை லோஷன் உங்கள் கழுத்துக்கு இப்போது ஆகாது. மணமில்லாத மாய்ஸ்சரைசர் போதும். கழுத்து ஓரளவு ஆறிய பிறகு, 2 சதவீத சாலிசிலிக் அமிலம் கலந்த லோஷனை வாரத்தில் இரண்டு மூன்று இரவு மட்டும் பூசலாம். மயிர்க்கால் வாயை அடைக்கும் செத்த தோலை அது நீக்கும். ஷேவ் செய்த கையோடு பூசாதீர்கள், எரியும். கரும்புள்ளி மறைய மாதக்கணக்கில் ஆகும். அதுவரை வெயிலில் போகும்போது கழுத்துக்கும் சன்ஸ்கிரீன் தேவை. மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு கலவை க்ரீம் மட்டும் வேண்டாம். ஒரு வாரத்தில் அற்புதமாகத் தெளியும். தொடர்ந்து பூசினால் தோல் மெலிந்து, நிறுத்தியதும் இரட்டிப்பாகத் திரும்பும்.

சில அறிகுறிகள் தெரிந்தால் தோல் மருத்துவரை நேரில் பாருங்கள். மஞ்சள் சீழோடு கொப்புளங்கள் வேகமாகப் பரவினால் அது பாக்டீரியா தொற்றாக இருக்கலாம். வட்டமாகச் சிவந்து செதிலடித்து, அங்குள்ள முடி வலியில்லாமல் கையோடு வந்தால் பூஞ்சை. குரு ஆறிய இடம் தடித்து, காயத்தின் எல்லையைத் தாண்டி வளர்ந்தால் கீலாய்டு. அதில் ரேசர் படவே கூடாது. முகப்பருவுக்கு ஐசோட்ரெட்டினாயின் மாத்திரை சாப்பிடுகிறவராக இருந்தால் அதையும் சொல்லுங்கள். தோல் வறண்டு, இலேசான உரசலுக்கே உரியும்.

இத்தனையும் செய்து இரண்டு மூன்று மாதம் கழித்தும் கழுத்து அடங்கவில்லை என்றால் லேசர் முறையில் அந்தப் பகுதி முடியை மட்டும் குறைக்கலாம். பல அமர்வுகள் பிடிக்கும், அமர்வுகளுக்கு இடையே சில வாரம் இடைவெளி வேண்டும், கருத்த தோலுக்கு ஏற்ற அலைநீளத்தைத் தேர்ந்தெடுக்கத் தெரிந்த மருத்துவர் செய்ய வேண்டும். மாநிறத்துக்கும் கருநிறத்துக்கும் 1064 நானோமீட்டர் என்டி-யாக் லேசரே பாதுகாப்பானது. போகுமிடத்தில் எந்த லேசர் என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள்.